எ விழுந்த இடம்

ஆனி மாசத்து மேல்காற்று
உப்பளத்தை விட்டு எங்கள் தொண்டையைக் காயவைக்கிற நேரம்.
தூத்துக்குடி, நிலக்கரித் தளம், மூன்றாம் இரவு.
போர்னியோவிலிருந்து வந்த கப்பலின் வயிற்றுக்குள்
சாக்கும் சுரண்டியுமாக நான்.
இத்தனை டன்னுக்கு இத்தனை அள்ளு என்று
கரியில் மாதிரி எடுப்பவன்.
பெயர் இஞ்ஞாசி மச்சாது.
படிவத்தில் அதற்கு இடம் போதாது.

ஏணியருகே ஓர் இரும்புக் கதவு.
மண்டையோடு, சிவப்பு மின்னல்,
அடியில் இரண்டு வார்த்தை:
பஹாயா லிஸ்த்ரிக்.

முதல் வார்த்தைக்கு நான் அர்த்தம் கேட்கவில்லை.
இங்கே வந்து பயம் ஆனதுதான்
அங்கே போய்க் கொஞ்சம் மூச்சு வாங்கியிருக்கிறது.
இரண்டாவதுதான் முரண்டுபிடித்தது.
நாலு தரம் வாய்க்குள் உருட்டிய பிறகு
பல்லில் இடறியது: எலக்ட்ரிக்.
உடம்பு இருக்கிறது.
தலையிலிருந்த எ-யைக் காணோம்.

கப்பலின் கரண்ட் வேலைக்காரர் சுத்திக்னோ,
ஜாவாக்காரர்,
கிராம்பு சிகரெட்டைப் பற்றவைக்காமல் கடித்தபடி
போனைப் பேசவிட்டுப் பதில் சொன்னார்.
டச்சுக்காரன் வாயில் அது எலெக்த்ரிஸ்.
எங்கள் வாயில் லிஸ்த்ரிக்.
அப்போ எ?
தோளைக் குலுக்கினார்.
கடலில் விழுந்திருக்கும் என்றது போன்.

அதே டச்சுக்காரன் எங்கள் ஊரிலும் இருந்தான்வே,
முத்தை எண்ணி, துணியை எண்ணி.
பல்பு வருமுன்னே கப்பலேறிவிட்டான்.
இங்கே வார்த்தைக்குத் தலை விழாது,
கூட ஒன்று முளைக்கும்:
இஸ்கூல். இஸ்டாம்பு. இஸ்பீக்கர்.
அவர்கள் தொலைத்த எ
இங்கே கரையொதுங்கி இ ஆனதோ என்று
ஒரு நிமிசம் கிறுக்குத்தனமாக யோசித்தேன்.

இருந்தும் லைட் அணைந்தால்
எலக்ட்ரிக் போயிட்டு என்று யாரும் சொல்வதில்லை.
கரண்ட் போயிட்டு.
கரண்ட் என்றால் ஓடுவது.
ஓடுவது போகத்தானே செய்யும்.

எலக்ட்ரிக்கின் பூர்வீகம் எனக்குத் தெரியும்,
பரிசோதனைக்கூடத்து எப்சிபா சொல்லி.
கிரேக்கத்தில் எலெக்த்ரோன் என்றால் அம்பர்.
மஞ்சளாகக் கல் போல இருக்கும், கல் இல்லை.
மரத்துப் பிசின், யுகக்கணக்கில் இறுகியது.
துணியில் தேய்த்தால் வைக்கோலை இழுக்கும்.
அந்த இழுப்புக்கு லத்தீனில் பேர் வைக்கப்போய்
உலகத்து ஒயரெல்லாம் பிசினின் பேரைச் சுமக்கிறது.
சொல்லிவிட்டு அவள் என் மூட்டையை எடைபோட்டாள்:
ஈரம் ஜாஸ்தி, மச்சாது.

நாலாம் அறையில் சுரண்டியபோது
கரிக்குள் பட்டாணி அளவில் ஒரு மஞ்சள்.
டார்ச்சைப் பிடித்தால்
வெளிச்சம் உள்ளே போய் அங்கேயே தங்கியது.
சட்டைக்கையில் பத்துத் தரம் தேய்த்து
மாதிரிச் சீட்டின் ஓரத்தைக் கிழித்துப் போட்டேன்.
காகிதத் துணுக்கு எழுந்தது,
யோசித்தது,
ஒட்டிக்கொண்டது.

லிஸ்த்ரிக்! என்று கத்தினேன்.
சுத்திக்னோ எட்டிப் பார்த்து, இல்லை, தாமார் என்றார்.
பிசினுக்கு அவர்கள் பேர் அது.
பிறகு கையால் ஒரு சுடரைப் பொத்துவதுபோல் காட்டி
மறுபடி தாமார் என்றார்.
அவர் வீட்டு ஜாவா பேச்சில் விளக்கும் அதுதானாம்.

கிரேக்கனைக் கேட்காமல்
டச்சுக்காரனுக்குக் காத்திருக்காமல்
ஒரு பிசின் அங்கே எப்போதோ விளக்காகியிருக்கிறது.
நான் அந்த ஏணியில் வெகுநேரம் நின்றேன்.
கிரேன்காரன் மேலிருந்து கெட்ட வார்த்தையில் கூப்பிட்டான்.
அதற்கு வேர் தேட வேண்டியதில்லை.

மாதிரியில் விழுந்தது மாதிரியோடு போகணும், விதி.
மஞ்சளைச் சாக்கில் போட்டு முடிச்சிட்டேன்.
குறிப்பு என்ற கட்டத்தில்
பிசின், ஒன்று என்று எழுதினேன்.
சூப்பர்வைசர் அடித்துவிட்டார்.

விடியுமுன் வீட்டுக்கு வந்தால்
ஃபேன் நிற்கிறது. கரண்ட் போயிட்டு.
அரைக்கப்படாத பட்டாணி ஒன்று
இன்னும் சாக்குக்குள் கிடக்கிறது.
இருட்டில் டெரிலின் சட்டையைக் கழற்றினேன்.
சடசடத்தது.
கைமுடியெல்லாம் துணியைப் பார்த்து
எழுந்து நின்றது.